கையிலே எழுதின மனு

(பட்டிமன்றத் தலைப்பு: சிறைக்குள் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் கைதி தண்டிக்கப்பட வேண்டியவரா, கேட்கப்பட வேண்டியவரா? ‘கேட்கப்பட வேண்டியவரே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது. இடம்: அஸ்தம்பட்டி, சேலம்.)



சேலத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க. சரி, மாம்பழத்தைப் பத்திப் பேசச் சொல்லுவாங்க, பேசி முடிச்சா ஒரு கூடை குடுத்தனுப்புவாங்கன்னு ஆசையா வந்தேன். நடுவர் ஐயா, “நீ ஜெயிலைப் பத்திப் பேசு”ன்னுட்டார். (சிரிப்பு) வேற வழி? இந்த அஸ்தம்பட்டியிலே அதைப் பேசாம வேற எதைப் பேசறது? ரவுண்டானாவிலேருந்து நடந்தே போயிடற தூரத்திலே மத்தியச் சிறை நிக்குது. 1862-லே கட்டினது. ஏற்காட்டுக்குப் போறவங்க எல்லாரும் அஸ்தம்பட்டி வழியாத்தான் போறோம். பஸ்ஸிலே ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடறோம். மலையைப் பார்க்கத்தான் போடறோம், அந்த மதிலைப் பார்க்க இல்லே.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி வக்கீல் நண்பர் அழகாப் பேசினார். கோர்ட்டிலே பேசற மாதிரியே பேசினார். வாய்தா மட்டுந்தான் கேக்கலே. (பலத்த சிரிப்பு) அவர் சொன்னதோட சாரம் மூணு. ஒண்ணு, கைதி கையைக் கீறிக்கறது நடிப்பு, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு தந்திரம். ரெண்டு, அது அதிகாரியை மிரட்டற வேலை. மூணு, ஒருத்தனுக்கு இடம் குடுத்தா மத்தவனும் பண்ணுவான். ஐயா, இந்த மூணுலேயும் கொஞ்சங் கொஞ்சம் உண்மை இருக்கு. இல்லேன்னு நான் சொல்லலே. ஆனா அந்த உண்மையைக் கொண்டுபோய் நீங்க எங்கே சேர்க்கறீங்கங்கறதுதான் வழக்கு.

முதல்லே ஒரு பழைய கதை. சங்க காலம். சேரமான் கணைக்கால் இரும்பொறைன்னு ஒரு அரசன். சோழன் செங்கணானோட போரிலே தோத்தான். குடவாயில் கோட்டத்திலே, அதாவது இன்னிக்குக் குடவாசல்னு சொல்றோமே, அந்த ஊர்ச் சிறையிலே அடைச்சாங்க. தாகம். தண்ணி கேட்டான். காவலன் உடனே கொண்டுவரலே. அலட்சியமா, நேரங்கழிச்சுக் கொண்டுவந்தான். அதை வாங்கிக் கையிலே வச்சுக்கிட்டுக் குடிக்காமலே உயிரை விட்டான்னு புறநானூற்றிலே 74-ஆம் பாட்டுக்கு அடியிலே குறிப்பு எழுதி வச்சிருக்காங்க.

ரெண்டாயிரம் வருஷமா அதைப் படிச்சு, ‘ஆகா, தமிழனோட மானம்’னு மெச்சிக்கறோம். நான் ஒண்ணு கேக்கறேன். அந்தக் காவலன் தண்ணியை நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தா? (கைதட்டல்) அந்தப் பாட்டு நமக்குக் கிடைச்சிருக்காது. போகட்டுமே! ஒரு மனுஷன் பொழைச்சிருப்பான். ஜெயிலுக்குள்ளே ஒருத்தன் தன் உடம்பு மேலே கை வைக்கறதுக்கு முன்னாடி, பெரும்பாலும் வாயாலே ஒண்ணு கேட்டிருக்கான். அவன் கேட்டது நம்ம காதிலே விழலே. அவ்வளவுதான் என் கட்சி.

உடனே எதிரணியிலே, “அவன் ராஜா, இவன் பிக்பாக்கெட்”டும்பாங்க. வாங்க, பக்கத்திலே வருவோம். 1929. லாகூர் சிறை. ஜதீந்திரநாத் தாஸ்னு வங்காளத்துப் பையன், பகத்சிங்கோட கூட்டாளி. கைதிகளுக்கு மனுஷச் சாப்பாடு குடு, அரசியல் கைதியை அரசியல் கைதியா நடத்துன்னு கேட்டான். கேக்கலே. 63 நாள் சாப்பிடாம இருந்து செப்டம்பர் 13-லே செத்துப்போனான். நாடே அழுதுச்சு. அவன் தன் உடம்பை வருத்திக்கிட்டது தியாகம். அதே உடம்பு, அதே பசி, பேர் தெரியாத ஒரு கைதி பண்ணினா தந்திரம். வலி ஆளைப் பார்த்து வருமாங்க?

இந்த ஊரையே எடுத்துக்குங்க. 1950 பிப்ரவரி 11. இதே சேலம் சிறைக்குள்ளே துப்பாக்கிச் சூடு. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தாங்க. எங்களைச் சாதாரணக் குற்றவாளி மாதிரி நடத்தாதேன்னு அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அது வேற கதை, தன்னைத் தானே வருத்திக்கிட்டது இல்லே. ஆனா உள்ளே இருக்கறவன் குரல் மதிலைத் தாண்டலேன்னா காரியம் எங்கே போய் முடியும்ங்கறதுக்கு அஸ்தம்பட்டிக்காரங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லே.

சரி, சட்டத்துக்கு வருவோம். வக்கீல் நண்பர் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். நானும் கொஞ்சம் புரட்டினேன் ஐயா. 1894-லே வெள்ளைக்காரன் போட்ட சிறைச் சட்டம். அதிலே 45-ஆம் பிரிவு, ஜெயிலுக்குள்ளே எதெல்லாம் குற்றம்னு பட்டியல். அதிலே ஒண்ணு என்ன தெரியுமா? ‘வேணும்னே தன்னை வேலைக்கு லாயக்கில்லாதபடி ஆக்கிக்கொள்வது’. இன்னொண்ணு, ‘நோய் வந்த மாதிரி நடிப்பது’. பாருங்க, வெள்ளைக்காரனுக்குக் கவலை எதைப் பத்தி? கைதியோட கையைப் பத்தி இல்லே. அந்தக் கை செய்ய வேண்டிய வேலையைப் பத்தி! (கைதட்டல்) கல்லு உடைக்கற கையிலே காயம் பட்டா, அது சர்க்கார் சொத்துக்குச் சேதம். அடுத்த பிரிவு 46. அங்கே தண்டனைப் பட்டியல். தனியா அடைக்கறது, சாப்பாட்டைக் குறைக்கறது, சாக்குத்துணி உடுத்தச் சொல்றது, பிரம்படி. மனசு உடைஞ்சு ஒருத்தன் கையைக் கீறிக்கிட்டான்னா, அவனுக்குச் சாக்குத்துணி மாட்டித் தனிக் கொட்டடியிலே போடலாம்னு எழுதி வச்சுட்டுப் போனான். அதை வச்சுக்கிட்டு நாம நூறு வருஷத்துக்கு மேலே ஓட்டினோம். 2023-லேதான் மத்திய அரசு, அதுக்குப் பதிலா ஒரு மாதிரிச் சட்டம்னு எழுதி மாநிலங்களுக்கு அனுப்புச்சு.

தனிக் கொட்டடின்னேன் பாருங்க, அங்கேதான் பெரிய விபரீதம். எப்பெல்லாம் கைதிக்கு இந்த ஆபத்து அதிகம்னு உலகம் பூரா ஆராய்ஞ்சு வச்சிருக்காங்க. உள்ளே வந்த முதல் சில நாள். தீர்ப்பு வந்த அன்னிக்கு. வீட்டிலேருந்து கெட்ட சேதி வந்தா. அப்புறம், தனியா அடைச்சு வச்சிருக்கும்போது. காயப்படுத்திக்கிட்டவனுக்கு நாம குடுக்கற தண்டனை என்ன? தனியா அடைக்கறது! தண்ணியிலே விழுந்தவனைக் கிணத்திலே தூக்கிப் போட்டுக் காப்பாத்தற கதை. (சிரிப்பு)

2017-லே மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதோட 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயற்சி பண்ணினவர் கடுமையான மன அழுத்தத்திலே இருந்தார்னுதான் முதல்லே வச்சுக்கணும், தண்டிக்கக் கூடாது, அரசாங்கம் கவனிச்சுக்கணும்னு சொல்லுது. வெளியிலே இருக்கறவனுக்கு மட்டும்னு அதிலே எழுதலே ஐயா. 103-ஆம் பிரிவிலே கைதியைப் பத்தித் தனியாவே சொல்லியிருக்கு. 2024 ஜூலையிலே வந்த புதுச் சட்டத்திலே, பழைய 309-ஆம் பிரிவையே எடுத்துட்டாங்க. ஆனா வக்கீல் நண்பர் விடலே. “226-ஆம் பிரிவு இருக்கே”ன்னார். இருக்கு. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தத் தற்கொலைக்கு முயற்சி பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை. ஒத்துக்கறேன். ஆனா நீங்களே சொல்லுங்க, ஜெயிலுக்குள்ளே இருக்கறவன் யார்கிட்டே எதைக் கேட்டாலும் அது அரசு ஊழியர்கிட்டேதானே கேட்கணும்? சோறு போடறவர் அரசு ஊழியர். கதவு திறக்கறவர் அரசு ஊழியர். வேற யாரையாவது பார்த்து அழலாம்னா அங்கே பல்லி மட்டுந்தான் இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

அந்தப் பழைய 309-ஐ வச்சு என்ன சாதிச்சோம்? மணிப்பூரிலே இரோம் ஷர்மிளான்னு ஒரு பொண்ணு. 2000 நவம்பரிலே உண்ணாவிரதம் ஆரம்பிச்சார். ராணுவத்துக்குச் சிறப்பு அதிகாரம் குடுக்கற சட்டத்தை எடுன்னு கோரிக்கை. 309-லே பிடிச்சாங்க. அதுக்கு அதிகபட்சம் ஒரு வருஷம். வருஷம் முடிஞ்சதும் விட்டாங்க, மறுபடி பிடிச்சாங்க. ஆஸ்பத்திரி அறையே ஜெயில், மூக்கு வழியாக் குழாயிலே சாப்பாடு. 2016 ஆகஸ்ட் வரைக்கும், கிட்டத்தட்ட 16 வருஷம். தண்டனை குடுத்து அந்தக் குரலை அடக்க முடிஞ்சுதா? குழாய் மாத்தின கணக்குதான் மிச்சம்.

இப்போ நடிப்புக்கு வர்றேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஓய்வுபெற்ற வார்டர் இருக்கார். எந்த ஊர் ஜெயில்னு சொல்ல மாட்டேன், ஆள் பேரும் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது. பத்தொம்பது வயசுப் பையன், விசாரணைக் கைதி. திருட்டு வழக்கு. மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை கையைக் கீறிக்குவானாம். கட்டுப் போட ஜி.எச்.சுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். எஸ்கார்ட்டுக்கு ஆள் தேடணும். எல்லாருக்கும் அவன் மேலே எரிச்சல். “இவனுக்கு ஊர் சுத்த ஆசை”ன்னு பேரே வச்சுட்டாங்க. நம்ம வக்கீல் நண்பர் சொன்ன அதே பேச்சு.

ஒரு நாள் ராத்திரி டூட்டியிலே இவர் சும்மா கேட்டிருக்கார், “ஏன்டா தம்பி, ஆஸ்பத்திரியிலே அப்படி என்னடா இருக்கு?” அவன் சொன்னானாம், “எங்கம்மா அங்கேதான் சார் கூட்டறாங்க.”

(அரங்கில் அமைதி)

தாய்மார்களே, ஜெயிலிலே போய்ப் பார்க்கறதுக்கு ‘மனு’ன்னு பேரு. மனு போட்டுப் பார்க்கணும். அந்தம்மாவுக்கு மனு நாளிலே லீவு கிடையாது. லீவு போட்டா அன்னைக்குக் கூலி கிடையாது. பையன் கண்டுபிடிச்ச வழி அது. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் கீறிக்கிட்டான், தந்திரந்தான், வக்கீல் நண்பர் சொன்னது நூத்துக்கு நூறு சரி! ஆனா ‘ஏன்’னு ஒரு வார்த்தை கேக்க எத்தனை மாசம் ஆச்சு? வார்டர் மேலே சொல்லி, அந்தம்மாவுக்கு ஒத்துவர்ற நாளிலே மனு பார்க்க ஏற்பாடு பண்ணினார். அதுக்கப்புறம் பையன் நிறுத்திட்டானான்னு கேட்டேன். “இல்லே, இன்னும் ஒரு தடவை பண்ணினான். ஜாமீன் தள்ளுபடி ஆன அன்னிக்கு”ன்னார். சினிமா மாதிரி ஒரே சீன்லே திருந்தறதில்லே ஐயா. மனசு வேதனைக்கு உடம்பு பழகிடுச்சுன்னா, அந்த வழியே கை போகும். சாகணும்னு இல்லே, அந்த நேரத்துப் புழுக்கம் தாங்காமப் பண்றது. டாக்டர்கள் அதையும் சொல்றாங்க. அதனாலேதான் தந்திரம்னு ஒரே வார்த்தையிலே முடிக்காதீங்கங்கறேன்.

இன்னொரு விஷயம். “சாகறவன் சொல்ல மாட்டான், சொல்றவன் சாக மாட்டான்”னு ஒரு பேச்சு இருக்கே, அது பொய். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளிலே 2004-லேருந்து 2009 வரைக்கும் சாவை மட்டும் இல்லே, ஒவ்வொரு காயத்தையும் எண்ணினாங்க. 26,510 கைதிகள், 1,39,195 தடவை. வருஷா வருஷம் ஆண் கைதிகளிலே நூத்துக்கு அஞ்சாறு பேர். பெண் கைதிகளிலே நூத்துக்கு 20-லேருந்து 24 பேர்! இப்படிக் காயப்படுத்திக்கிட்டவங்க பின்னாலே தற்கொலைக்கு ஆளாகற ஆபத்து மத்தவங்களைவிட அதிகம்னும் அதே கணக்கு சொல்லுச்சு. இன்னிக்கு நடிக்கறான்னு விட்ட ஆளுதான் நாளைக்கு.

பெண் கைதிகள் கணக்கு மட்டும் ஏன் அப்படி ஏறுதுன்னு யோசிச்சுப் பாருங்கம்மா. இங்கிலாந்துக் காரணம் பல இருக்கும். நம்ம நாட்டிலே ஒண்ணு சொல்றேன். கைதியா இருக்கற தாயோட குழந்தை ஆறு வயசு வரைக்கும் கூட இருக்கலாம். 2006-லே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு வயசு முடிஞ்சா வெளியே அனுப்பணும். அன்னிக்கு ராத்திரி அந்தத் தாய் எப்படித் தூங்குவா? அவளைப் போய், ‘அதிகாரியை மிரட்டறே’ன்னு கேஸ் போடுவீங்களா?

அப்புறம் எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. “இவனாலே பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன பதில்?”னார். அம்மா, தண்டனை கோர்ட் குடுத்தது. அதை யாரும் குறைக்கச் சொல்லலே. ஆனா உள்ளே இருக்கறவங்கள்லே குற்றவாளின்னு தீர்ப்பானவங்க எத்தனை பேர்? 2022 கடைசியிலே நாடு முழுக்கச் சிறைகளிலே 5,73,220 பேர். அதிலே 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலிலே மூணு பேர் மேலே இன்னும் தீர்ப்பே வரலே! அந்த ஒரே வருஷத்திலே இயற்கைக்கு மாறான சாவு 159. அதிலே தற்கொலை 119. 2017-லேருந்து 2021 வரைக்கும் எடுத்தா 817-லே 660. உச்ச நீதிமன்றம் போட்ட நீதிபதி அமிதவ ராய் குழு குடுத்த கணக்கு இது. வெளியிலே லட்சம் பேருக்கு 11 தற்கொலைன்னா, சிறைக்குள்ளே 16.9-ன்னு 2014-லே தேசிய மனித உரிமை ஆணையம் எழுதுச்சு. உள்ளே கதவு பூட்டி, ஆள் காவல் இருந்து, ராத்திரி பூரா விளக்கு எரிஞ்சும் இப்படி!

செத்துப்போனா மாஜிஸ்திரேட் விசாரணைக்கு வந்துடறார். சட்டம் அப்படி. உயிரோட இருந்து கையிலே ரத்தத்தோட நிக்கறவனுக்கு? பஞ்சும் பிளாஸ்திரியும். செத்தவன்கிட்டே கேக்கறதுக்கு ஜட்ஜு, உயிரோட இருக்கறவன்கிட்டே கேக்கறதுக்கு ஆள் இல்லே. (கைதட்டல்)

மூணாவது, “ஒருத்தனைப் பார்த்து இன்னொருத்தன் பண்ணுவான்.” உண்மை. அதே இங்கிலாந்து ஆய்வும் அதைச் சொல்லுது, ஒரே இடத்திலே கூட்டங்கூட்டமா வருது. ஆனா அம்மை பரவுதுன்னா அம்மை வந்தவனை அடிப்பீங்களா? பக்கத்துப் படுக்கைக்காரனையும் சேர்த்துப் பார்த்துக்கணும். 1991-லே வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸி சிறையிலே ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சமாரிட்டன்ஸ்னு ஒரு தொண்டு அமைப்பு. கைதிகளுக்கே பயிற்சி குடுத்தாங்க. எதுக்கு? புத்தி சொல்லவா? இல்லே, கேக்கறதுக்கு. அவங்களுக்குப் பேரே ‘கேட்கிறவர்’. ராத்திரி ஒருத்தனுக்கு மனசு முட்டுதுன்னா, ஒரு கேட்கிறவரைக் கூப்பிடுன்னு சொல்லலாம். நம்ம ஆணையமும் 2023 ஜூன்லே ஒரு அறிவுரை அனுப்புச்சு. கைதிகள் தன்னைத் தானே காயப்படுத்திக்கறதைத் தடுக்கறதுக்குன்னே தனியா. பயிற்சி குடுத்த சக கைதியைத் துணையாப் போடு, வீட்டோட போன்லே பேச விடு, ஊழியருக்கு மனநலம் பத்திக் கத்துக்குடுன்னு. வார்டரை நான் குறை சொல்லலே. பாவம், அவருக்கும் பூட்டத்தான் கத்துக்குடுத்தோம்.

வீட்டிலே பார்த்துக்கிட்டிருக்கறவங்களுக்கு நடுவிலே ஒண்ணு. உங்களுக்கே, உங்க பிள்ளைக்கே மனசு அப்படி முட்டினா 14416-க்குப் போன் போடுங்க. காசு கிடையாது, தமிழ்லே பேசலாம்.

கடைசியா ஒரு கடிதம். 1979. திகார் சிறை. சுனில் பத்ரான்னு மரண தண்டனைக் கைதி. தனக்காக இல்லே, பக்கத்திலே இன்னொரு கைதியை ஒரு வார்டர் கொடுமைப்படுத்தினார்னு உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடுதாசி எழுதினான். ஸ்டாம்ப் பேப்பர் இல்லே, வக்கீல் இல்லே. (வக்கீல் நண்பரைப் பார்த்து) கோவிச்சுக்காதீங்க. (சிரிப்பு) நீதிமன்றம் அந்தக் கடுதாசியையே மனுவா எடுத்துக்கிச்சு. தீர்ப்பு எழுதினவர் நீதிபதி கிருஷ்ணய்யர். அவரே 1948-லே ஒரு மாசம் உள்ளே இருந்தவர், அப்புறம் கேரளத்திலே சிறைத்துறைக்கு மந்திரி. அவர் அந்தத் தீர்ப்பிலே ஒரு சின்ன ஏற்பாடு சொன்னார். ஒவ்வொரு ஜெயிலிலேயும் கைதி கையெட்டற இடத்திலே புகார்ப் பெட்டி வையுங்க. அதை ஜெயிலர் திறக்கக் கூடாது, கலெக்டரும் மாவட்ட நீதிபதியும் பார்த்துக்கணும்னார்.

பேப்பரிலே எழுத இடம் இருக்கறவன் எதுக்கு ஐயா கையிலே எழுதறான்?

நடுவர் ஐயா மணியிலே கை வச்சுட்டார், தெரியுது. (சிரிப்பு) எதிரணியிலே அடுத்துப் பேச வர்ற நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி வச்சுட்டுப் போறேன். தண்டிக்கணும், தண்டிக்கணும்னு சொல்றீங்களே, அந்தப் பெட்டி எத்தனை ஜெயிலிலே இருக்கு, சாவி யார்கிட்டே இருக்கு, கடைசியா எப்போ திறந்தாங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தீங்களா? வந்திருந்தா சொல்லுங்க, கேக்கறதுக்கு நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.

(கைதட்டல்)